வீட்டுத் தரகர் ஏமாற்றினால் எங்கே முறையிடுவது?



தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நமக்குச் சொந்தம். பால்மரக் காட்டிலோ செம்பனைக் காட்டிலோ முப்பது ஆண்டுகள் உழைத்தவராக இருந்தாலும், வயது 60 ஆகி ஓய்வு பெற்றுவிட்டால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வரத்தான் செய்யும். ஆகவே, பிள்ளைகள் தலையெடுத்ததும் நம் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு, பக்கத்துப் பட்டணத்துத் தாமான் ஒன்றில் சிறியதாக ஒரு வீடு வாங்கவேண்டும் என்பதுதான். அந்த வீட்டைத் தேடப் புறப்படும்போது நாம் சந்திக்கும் முதல் ஆள், வீட்டுத் தரகர்.

தரகர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நேர்மையாகத் தொழில் செய்து, ஏழைக் குடும்பங்களை வீட்டில் குடியேற்றி வைத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஏமாற்றப்பட்ட ஒரு குடும்பம் அடுத்தபடியாக என்ன செய்யவேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் கணவன், மனைவி. தொழிற்சாலைக்குப் போகும் மகள். 180,000 வெள்ளி விலையில் ஒரு வீடு இருப்பதாக ஒருவர் வந்து சொல்கிறார். கழுத்தில் அட்டை தொங்குகிறது. பேச்சு இனிக்கிறது. வீட்டை வெளியிலிருந்து காட்டுகிறார். "நாளைக்கு இன்னொருவர் பணம் கட்டப் போகிறார் அண்ணே, இன்றைக்கே முன்பணம் போட்டால் வீடு உங்களுக்கு" என்கிறார். விலையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 3,600 வெள்ளி. மகள் தன் சேமிப்பிலிருந்து எடுத்து, அவர் சொன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறாள். கணக்கு அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று இன்னொரு 1,500 வெள்ளியை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். ரசீது இல்லை. பிறகு கைத்தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. விசாரித்துப் பார்த்தால், அந்த வீடு ஒரு மாதத்துக்கு முன்பே வேறொருவருக்கு விலையாகிவிட்டது.

மொத்தம் போனது 5,100 வெள்ளி. 2025-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொண்டு கணக்குப் பார்த்தால், அது ஓர் ஆள் மூன்று மாதம் முழுக்க உழைத்த கூலி.

இந்த இடத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கணவர் கோபத்தில் கத்துவார். மனைவி, "போனது போகட்டும், வெளியில் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள்" என்று அடக்குவார். பணத்தை அனுப்பியது தான்தானே என்று மகள் மனத்துக்குள் புழுங்குவாள். ஆறு மாதத்தில் அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் போய்விடும். அந்தத் தரகரோ, அதே அட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார்.

நேயர்களே, அவர் நம்பியிருப்பது நம்முடைய அந்த வெட்கத்தைத்தான். ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. பணத்தைப் பறிகொடுத்தவர் குற்றவாளியும் அல்லர். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் இந்தக் காரியத்தில் வெறும் அழுகை பயன்படாது. யார், எப்போது, எவ்வளவு, என்ன ஆதாரம் என்ற நான்கும் கூடியதுதான் முறையான புகார். அதை எழுதவேண்டிய விதத்தில் எழுதி, கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுத்தால், அது காகிதம் என்றாலும் காரியம் சாதிக்கும்.

முதலில், தரகர் என்று நாம் பொதுவாகச் சொல்பவர்களில் மூன்று வகையினர் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் மீது புகார் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே எங்கே புகார் செய்வது என்பது அமையும்.

முதல் வகை, பதிவு பெற்ற சொத்து முகவர். நம் நாட்டில் இத்தொழிலை 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடப்புக்கு வந்த திருத்தத்தின் வழி, சொத்து நிர்வாகம் செய்வோரும் அச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். சட்டத்தை நடத்துவது நிதி அமைச்சின் கீழுள்ள ஒரு வாரியம். மலாயில் அதன் பெயர் லெம்பாகா பெனிலாய், பெந்தாக்சிர், எஜென் ஹர்த்தா தானா டான் பெங்குருஸ் ஹர்த்தா. பெயர் நீளம் என்பதால் எல்.பி.பி.இ.எச். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நாம் இந்த உரையில் அதை வாரியம் என்றே சொல்லிக்கொள்வோம். தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, வாரியத்தில் பெயர் பதிந்தவர்தான் சொத்து முகவர். நிறுவனம் நடத்தும் உரிமை அவருக்கே உண்டு.

இரண்டாம் வகை, அந்த முகவரின் கீழ் வேலை செய்யும் நெகோஷியேட்டர். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் பேசி முடிப்பது இவர் வேலை. நாம் நேரில் பார்க்கும் ஆள் பெரும்பாலும் இவர்தான். இவருக்கு இரண்டு நாள் வகுப்பு உண்டு. வாரியம் கொடுத்த அட்டை உண்டு. அந்த அட்டையில் படமும், பெயரும், ரென் என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். 2014-ஆம் ஆண்டு முதல் இந்த அட்டை முறை இருந்து வருகிறது. இவர் தனியாகத் தொழில் நடத்த முடியாது. ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவே இருக்கவேண்டும். இவர் செய்யும் தவற்றுக்கு மேலே இருக்கும் முகவரும் பதில் சொல்ல வேண்டியவர்.

மூன்றாம் வகை, பதிவே இல்லாதவர். காப்பிக் கடையில் உட்கார்ந்து வீடு பேசி முடிப்பவரும் இதில் அடங்குவார். போலி அட்டை போட்டுக்கொண்டு வருபவரும் இதில் அடங்குவார். பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்வது சட்டப்படி குற்றம். 300,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அட்டை உண்மையா போலியா என்று எப்படி அறிவது? வாரியத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பெயரையோ ரென் எண்ணையோ கொடுத்தால், அவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்பது தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியிலேயே பார்த்துச் சொல்வார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. முன்பு பார்க்கவில்லை என்றால், புகார் எழுதுவதற்கு முன்பாவது கட்டாயம் பார்க்கவேண்டும்.

அடுத்து, எதெல்லாம் தவறு என்பதைத் தெரிந்துகொள்வோம். சில வேளைகளில் நமக்கு நட்டம் ஏற்பட்டிருக்கும். ஆனால் அது தரகரின் தவறாக இராது. வேறு சில வேளைகளில் வழக்கம் என்று நாம் விட்டுவிடுவதே பெரிய தவறாக இருக்கும்.

முன்பணத்தை நெகோஷியேட்டர் தம் சொந்தக் கணக்கில் வாங்குவது தவறு. அது நிறுவனத்தின் பெயரில் உள்ள வாடிக்கையாளர் கணக்குக்கே போகவேண்டும். அந்தக் கணக்கில் இருப்பது நிறுவனத்தின் சொந்தப் பணம் அன்று. காரியம் முடியும்வரை நமக்காகவும் வீட்டுக்காரருக்காகவும் காத்து வைக்கப்படும் பணம். வீட்டுக்காரர் நம் விலைக்குச் சம்மதிக்காவிட்டால், முன்பணம் குறையாமல் நமக்குத் திரும்பி வரவேண்டும்.

வீடு விற்பதற்கான முகவர் கட்டணம் விலையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக்கூடாது. நாம் சொன்ன 180,000 வெள்ளி வீட்டுக்கு அது 5,400 வெள்ளி. அதற்கு மேல் அரசாங்கத்தின் சேவை வரி மட்டும் சேரும். முகவரை யார் நியமித்தாரோ அவரே இந்தக் கட்டணத்தைத் தரவேண்டியவர். பெரும்பாலும் அவர் வீட்டை விற்பவர். ஒரே வியாபாரத்தில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் இரண்டு பக்கமும் கட்டணம் வாங்குவது விதிக்குப் புறம்பானது.

வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் வீட்டைக் காட்டி முன்பணம் வாங்குவதும், விலையான வீட்டை விலையாகாதது என்று சொல்வதும், ரசீது தர மறுப்பதும், கடன் ஏற்பாடு என்று கையில் ரொக்கம் வாங்குவதும் புகாருக்கு உரிய காரியங்கள்.

இனி, தவறு அல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். முன்பணம் கட்டும்போது ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று அதில் எழுதியிருந்தால், திரும்பக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்படி எழுதாமல், குறித்த நாளுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தவறினால் முன்பணம் வீட்டுக்காரரைச் சேரும் என்று எழுதியிருந்து, நாமும் கையெழுத்திட்டிருந்தால், வங்கி மறுத்ததற்காக முகவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தை வீட்டுக்காக எடுக்க விற்பனை ஒப்பந்தம் கையில் இருக்கவேண்டும். அதனால் முன்பணம் என்பது நம்முடைய கைச்சேமிப்பிலிருந்து போகும் பணம். அந்த ஒரு வரி அதற்குக் காவல்.

இப்போது, அந்தக் குடும்பத்தின் கதைக்குத் திரும்புவோம். அவர்கள் என்ன செய்யவேண்டும்?

முதல் வேலை, ஆதாரங்களைத் திரட்டுவது. பால் நிறுக்கும் இடத்தில் எடையைத் தன் சிறிய நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட தொழிலாளியிடம் எந்தக் கிராணியும் கணக்கை மாற்றிச் சொல்ல முடியாது. அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும். வங்கியில் பணம் அனுப்பிய சீட்டு, கையெழுத்துப் போட்ட கடிதம், அட்டையின் படம், வீட்டு விளம்பரம், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கோபத்தில் அவர் எண்ணை அழித்துவிடாதீர்கள். செய்திகளைப் படமாக எடுத்துக் கடையில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்பதை உடனே எழுதி வையுங்கள். வங்கியிலிருந்து பணம் எடுத்த நாளும் தொகையும் அதற்குத் துணை நிற்கும். பிறகு, எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று தேதி வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் உங்கள் புகாருக்கு முதுகெலும்பு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பணம் அனுப்பிய சிறிது நேரத்திலேயே ஏமாற்றம் என்று தெரிந்துவிட்டால், ஆதாரம் திரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். வங்கி வழியாக நடக்கும் மோசடிகளுக்காக 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் எண் அது. உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இரண்டாவது வேலை, நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவது. நெகோஷியேட்டர் உண்மையாகவே ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால், அதன் தலைவரான பதிவு பெற்ற முகவருக்கு எழுதுங்கள். தம் ஆள் செய்தது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நடந்ததைச் சொல்லி, பணத்தை 14 நாளுக்குள் திருப்பித் தரும்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டையும் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். சில காரியங்கள் இந்த அளவிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டாலும், நியாயமாகக் கேட்டுப் பார்த்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. ஆள் போலி என்று தெரிந்துவிட்டாலோ, தலைமறைவாகிவிட்டாலோ இந்த 14 நாள் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது வேலை, வாரியத்துக்குப் புகார் செய்வது. இதுதான் இந்த உரையின் மையம். வாரியத்துக்குப் போகும் புகாரைச் சத்தியப் பிரமாணமாக எழுதித் தருவதே உறுதியான முறை. மலாயில் இதைச் சுராட் அக்குவான் என்பார்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெசுருஜாயா சும்பா என்னும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில், இதில் எழுதியிருப்பது உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடும் பத்திரம் இது. பட்டணங்களில் நீதிமன்றத்தை ஒட்டிய கடைவீதிகளில் இவர்களுடைய பலகையைப் பார்க்கலாம். செலவு சில வெள்ளிதான். பொய்யாக உறுதி கூறுவது தண்டனைக்குரிய குற்றம். அதனால்தான் இந்தப் பத்திரத்துக்கு மதிப்பு அதிகம்.

மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதவேண்டியிருப்பதால் பயப்படாதீர்கள். முதலில் தமிழிலேயே எழுதுங்கள். பிறகு படித்த பிள்ளைகளோ, தொழிற்சங்கக் கிளையில் இருப்பவரோ, பள்ளி ஆசிரியரோ மாற்றித் தருவார்கள். கையெழுத்திடுவதற்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டும் வைக்கலாம். அப்படிப்பட்டவருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்பதைப் பத்திரத்திலேயே குறிக்கச் சொல்லவேண்டும்.

எழுதும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் இப்படி எழுதுகிறார்கள்: "இந்த அயோக்கியன் எங்கள் வயிற்றில் அடித்துவிட்டான், இவனைச் சும்மா விடக்கூடாது." மனத்தில் இருக்கும் நெருப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் விசாரிக்கும் அதிகாரிக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான் இன்ன தோட்டத்தில் வசிக்கும் இன்னார். என் அடையாள அட்டை எண் இது. இன்ன நாளில், இன்ன நிறுவனத்தைச் சேர்ந்த, இன்ன ரென் எண்ணுடைய இன்னார், இன்ன முகவரியில் உள்ள வீட்டை எனக்குக் காட்டினார். விலை 180,000 வெள்ளி என்றார். அன்றே முன்பணமாக 3,600 வெள்ளியை, அவர் சொன்ன இன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். அனுப்பிய சீட்டு முதல் இணைப்பு. இன்ன நாளில் கடன் ஏற்பாட்டுக்கு என்று 1,500 வெள்ளி ரொக்கமாக வாங்கினார், ரசீது தரவில்லை. அப்போது என் மனைவி உடன் இருந்தார். அந்த வீடு அதற்கு முன்பே விற்கப்பட்டதாக இன்ன நாளில் அறிந்தேன். பணத்தைக் கேட்டு நான் எழுதிய கடிதம் இரண்டாம் இணைப்பு. இந்நாள்வரை பதில் இல்லை. இவரை விசாரித்து நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் தப்பிக்க வழியும் இல்லை. கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். ஒரு வெள்ளிகூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது புகாருக்கும் பொருந்தும். ஓர் இடத்தில் கூட்டிச் சொன்னது வெளிப்பட்டால், மற்ற ஒன்பது உண்மைகளும் அதனுடன் சேர்ந்து கெடும்.

இணைப்புகளுக்கு எண் போடுங்கள். நகல்களை மட்டும் அனுப்புங்கள். மூலச் சீட்டுகள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். கோலாலம்பூரில் உள்ள வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். நேரில் கொடுத்தால், உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

வாரியம் என்ன செய்யும்? எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்கும். தேவைப்பட்டால் விசாரணைக்கு உங்களையும் சாட்சியாக அழைக்கும். மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால் எச்சரிக்கலாம், அபராதம் விதிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பதிவையே நீக்கலாம். ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். வாரியத்தின் வேலை தொழில் செய்பவரைத் திருத்துவதும் தண்டிப்பதும். நம் பணத்தை வசூலித்துக் கையில் கொடுப்பது அதன் வேலை அன்று. இது தெரியாமல், புகார் செய்தும் பணம் வரவில்லையே என்று மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. பணத்துக்கு வேறு கதவைத் தட்டவேண்டும்.

நான்காவது வேலை, போலீஸ் புகார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் முன்பணம் வாங்கியதும், போலி அட்டை காட்டியதும், பிறர் பணத்தைத் தமதாக்கிக்கொண்டதும் தொழில் ஒழுங்குப் பிரச்சினை மட்டும் அல்ல. குற்றச் செயல்களும் ஆகலாம். ஏமாற்றிப் பணம் பெறுவதற்குத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும், பிரம்படியும், அபராதமும் உண்டு. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். தேதி வரிசையாக எழுதிய அந்தத் தாளைக் கையோடு கொண்டு போங்கள். அதிகாரி எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். புகாரின் நகலைப் பெறாமல் வீடு திரும்பாதீர்கள்.

ஐந்தாவது, நீதிமன்றம். பணத்தைத் திரும்பப் பெறும் வழி இது. 100,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்குகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கிறது. சிறிய தொகைகளுக்கு வழக்கறிஞர் இல்லாமல் நாமே மனுச் செய்யும் எளிய முறையும் அங்கே உண்டு. உங்கள் தொகை அதில் அடங்குமா என்பதை நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையங்களில் வருமானம் குறைந்தவர்கள் ஆலோசனை கேட்கலாம். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய பண வழக்குகளுக்குப் பொதுவாக ஆறாண்டுக் காலவரை உண்டு. ஆனால் அதுவரை காத்திருந்தால் சாட்சிகள் மறந்துவிடுவார்கள், செய்திகள் அழிந்துவிடும். சூடு ஆறும் முன் செய்வதே மேல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறேன். புதிதாக வீடமைப்புத் திட்டம் போட்டு வீடு கட்டி விற்கும் நிறுவனத்தோடு பிரச்சினை என்றால், அது முகவர் காரியம் அன்று. அதற்கு வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் குழப்பி எழுதினால், உங்கள் தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

புகார் செய்தபின் கவனிக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு. புகார் போன செய்தி தெரிந்ததும், அந்த ஆள் வீடு தேடி வருவார். பாதிப் பணத்தைக் கையில் வைத்து, "இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அக்கா" என்பார். நமக்குச் சேரவேண்டிய பணத்தைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன், இனிக் குறை ஒன்றும் இல்லை என்று அதில் எழுதியிருக்கலாம். ஒரு நாள் தவணை கேட்டு வாங்கி, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மிரட்டினால் அதையும் தேதியோடு எழுதி வைத்துப் போலீசில் சொல்லுங்கள்.

கோபத்தில் அவர் படத்தைப் பேஸ்புக்கில் போட்டுக் கண்டபடி எழுதாதீர்கள். மானநட்டம் என்று அவர் நம் மீது திரும்பக்கூடும். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட்டோம், அது போதும். அதேபோல, "எனக்கு ஆள் தெரியும், 500 வெள்ளி கொடுங்கள், உங்கள் புகாரை முடித்துத் தருகிறேன்" என்று வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு தரகரிடம் இழந்ததை மீட்க இன்னொரு தரகரைப் பிடிக்க வேண்டாம்.

ஒரே ஆளிடம் பல குடும்பங்கள் ஏமாந்திருந்தால், ஒன்றுகூடிப் பேசுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தனித்தனிச் சத்தியப் பிரமாணமாக எழுதட்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் பார்த்து எழுதக்கூடாது. ஐந்து குடும்பங்கள் தனித்தனியே எழுதியதில் ஒரே கணக்கு எண்ணும் ஒரே பேச்சும் தென்பட்டால், அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

நேயர்களே, நிலமும் வீடும் நமக்குப் பழைய கவலை. 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, நம்மவர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்து நின்றார்கள். அப்போது அவர்கள் தலைவிதி என்று இருந்துவிடவில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்ந்து, தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, எடைக் குறைவுக்கும் சம்பளப் பிடித்தத்துக்கும் முறையாக மனுக் கொடுத்து நியாயம் கேட்டவர்களும் அவர்கள்தான். குறையைக் கணக்கோடு எடுத்துச் சொல்வது நமக்குப் புதிதன்று. தோட்டத்து அலுவலகத்தில் கேட்கத் தெரிந்த நமக்கு, வீட்டுத் தரகரிடமும் கேட்கத் தெரியும்.

நாம் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு 5,100 வெள்ளியும் திரும்பி வரும் என்று நான் உறுதி கூற முடியாது. ஆள் போலியாக இருந்து, பணமும் செலவாகியிருந்தால், முழுதும் கிடைக்காமலும் போகலாம். ஆனால் அவர்கள் எழுதிய ஒரு புகாரால் அந்த அட்டை ஒரு கழுத்திலிருந்து இறங்கினால், அடுத்த தோட்டத்தில் இன்னொரு மகளின் சேமிப்பு தப்பும். அதோடு, தன்மேல் பிழை இல்லை என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட அந்த மகள், இனித் தலை குனிந்து நடக்க மாட்டாள்.

இன்றிரவு வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள், உங்கள் தரகரின் பெயரையும், ரென் எண்ணையும், நிறுவனத்தின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியையும் தேதியோடு அதற்குக் கீழே எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், வீடு வாங்கிய கதையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அந்த நோட்டு உதவும். முடியாவிட்டால், உங்கள் புகாரின் முதல் பக்கம் அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.